கொளுத்தாத சூடம்

அன்றைக்கும் கண் மங்கித்தான் போயிருந்தது.

கணினித் திரையில் சரிந்துகொண்டே போன வரைபடக் கோட்டை வாசுகி கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். முதல் தடவை இப்படி ஆனபோது கத்தித் தீர்த்தாள். அடுத்த தடவை கருவி முழுவதையும் கழற்றி மறுபடி பூட்டினாள். அதற்கடுத்த தடவை யாருக்கும் தெரியாமல் கழிவறையில் போய் அழுதாள். இப்போது எதற்கும் தெம்பில்லை. பசித்தது. எழுந்து கேண்டீன்வரை நடக்க அலுப்பாக இருந்தது.

கண் என்பது அவர்களாக வைத்துக்கொண்ட பெயர். பார்த்தால் தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிய கறுத்த சில்லு, அவ்வளவுதான். ஆனால் நாம் பார்க்கிற வெளிச்சத்தையும் அது பார்க்கும், நமக்குத் தெரியாத புற ஊதா ஒளியையும் பார்க்கும். அந்தப் புற ஊதாவில் பெரும்பங்கைப் பூமியின் காற்று மேலேயே விழுங்கிவிடுகிறது. நமக்கு அது நல்லது, இல்லையென்றால் தோல் வெந்துபோகும். வானத்தை ஆராய்கிறவர்களுக்கோ வயிற்றெரிச்சல். கொதிக்கிற இளம் நட்சத்திரங்கள் வாரிக் கொட்டுகிற வெளிச்சமே அதில்தான். அதனால் தொலைநோக்கியைக் காற்றைத் தாண்டி மேலே அனுப்ப வேண்டும், அதற்குள் இப்படி ஒரு கண்ணை வைக்க வேண்டும்.

ஜொகூர் பாருவின் தொழிற்பேட்டையில், கார்களுக்கும் கைப்பேசிகளுக்கும் கேமரா சில்லு பூட்டிக்கொண்டிருந்த கம்பெனிக்கு இந்த வேலை வந்ததென்றால் அதற்கு வாசுகியின் பிடிவாதம்தான் காரணம். சாதாரணச் சில்லின் மேல் புற ஊதா பட்டால் பாதிக்குமேல் தெறித்துத் திரும்பிப் போய்விடும். அதைத் திரும்பவிடாமல் உள்ளே இழுத்துக்கொள்ள, தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய ஒரு பூச்சை அவள் உருவாக்கியிருந்தாள். மற்ற பெண்கள் பிள்ளை வளர்த்த வருஷங்களில் அவள் அதைத்தான் வளர்த்தாள் என்று யோங் பெங்கில் இருக்கும் அவள் சொந்தக்காரர்கள் குத்திக்காட்டுவார்கள். காட்டட்டும். வெளிநாட்டுத் தொலைநோக்கிக் குழு ஒன்று அந்தப் பூச்சைப் பார்த்து மயங்கி வேலையைக் கொடுத்தது. சோதனை தேறினால் கண்ணைக் கையோடு அந்த நாட்டுக்குக் கொண்டுபோய்த் தொலைநோக்கியில் பூட்டிவிட்டு வருவது வாசுகி என்று முடிவாகியிருந்தது. தடித்த குளிர் ஜாக்கெட் ஒன்றுகூட வாங்கிவிட்டாள். “எங்கக்கா, கெந்திங் மலைக்கா?” என்று கடைக்காரன் கேட்டான். அதைவிடக் கொஞ்சம் தூரம் என்றாள் பெருமையாக.

தேறினால்தானே! வெற்றிடப் பெட்டிக்குள் கண்ணை வைத்து, உறைய உறையக் குளிரவிட்டு, விளக்கைக் காட்டுவார்கள். முதல் நாள் பிரமாதமாகப் பார்க்கும். நாளாக ஆகப் புற ஊதா மட்டும் மங்கும். சாதாரண வெளிச்சத்தில் ஒரு குறையும் இருக்காது. சூடாக்கினால் கொஞ்சம் தேறும், குளிர்ந்தால் மறுபடி படுத்துவிடும். ஏதோ ஓர் ஆவி எங்கிருந்தோ வந்து, குளிர்ந்து கிடக்கிற சில்லின் மேல் பனிபோல் படிகிறது என்று வாசுகி அடித்துச் சொன்னாள். என்ன ஆவி, எங்கிருந்து என்று கேட்டால் பதில் இல்லை. வீடியோ காலில் அந்தக் குழுவினர் மரியாதையாகத்தான் கேட்டார்கள்: உங்கள் பூச்சே கெட்டுப்போகிறதோ? அந்தக் கேள்வியைக் கேட்ட நாளிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

கண்ணாடிக் கதவு திறந்து செல்லம் அக்கா எட்டிப் பார்த்தார். தூசிதும்பு ஆகாத கிளீன் ரூமில், தலைமுதல் கால்வரை வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு, கண்ணைத் தூக்கி வைப்பதும் இறக்குவதும் துடைப்பதும் அவர்தான். ஐம்பதைத் தாண்டிவிட்டார். சாஆ ஊர்ப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, வயதுக்கு வந்த கையோடு தொழிற்சாலை பஸ் ஏறியவர். இங்கே ஏஜென்சி மூலமாக வந்த ஆள்.

“என்னாம்மா, இன்னிக்கும் இறங்கிருச்சா?”

“இறங்கிருச்சுக்கா.”

“அலமாக்!” என்றார் செல்லம் அக்கா. “சாப்பிட்டீங்களா மொதல்ல?”

“இல்ல.”

“அதான் மூஞ்சி இப்பிடிக் கெடக்கு. ரொட்டி சானாய் வாங்கி வெச்சிருக்கேன், ஆறிப்போச்சு, பரவால்ல, சாப்பிடுங்க. நீங்க கவலப்படாதீங்க வாசுகிம்மா. ஆத்தா கைவிட மாட்டா. நாம குடுக்கறத எடுத்துக்கிட்டுதான் இருக்கா.”

சாப்பிடு என்றது மட்டும் வாசுகியின் காதில் விழுந்தது. மிச்சத்தை அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

அந்த ஆவியைப் பிடிப்பதற்கு அவள் படாத பாடு பட்டுவிட்டாள். பம்பின் எண்ணெயை மாற்றினாள். ஒயர்களை மாற்றினாள். அதிலும் ஆகாமல் மனிதர்களிடம் வந்தாள். பவுடர் கூடாது என்றாள். சென்ட் கூடாது, மல்லிகைப்பூ கூடாது, தலைவலிக்குத் தடவுகிற காற்றெண்ணெய் கூடாது. கிளீன் ரூம் வாசலில் நின்று ஒவ்வொருவரையும் மோந்து பார்த்து அனுப்பினாள். காஸ்வே பாலத்தில் சிங்கப்பூர் கஸ்டம்ஸ்கூட இவ்வளவு குடைய மாட்டான்லா என்று கேண்டீனில் சிரித்தார்கள். கேட் ஓரத்தில் இருக்கும் சீனர்களின் டத்தோ சாமி மாடத்தில் ஊதுபத்தி எரிவதைப் பார்த்துவிட்டு, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று வெயிலில் நின்று பார்த்தாள். செக்யூரிட்டி ஆள் குடை கொண்டுவந்து கொடுத்தான். மானம் போயிற்று.

செல்லம் அக்காவின் தேங்காய் எண்ணெயையும் விட்டுவைக்கவில்லை. “உங்க தலைதான்க்கா எனக்குப் பெரிய சந்தேகம்” என்று எல்லார் முன்னாலும் சொன்னாள். அந்த அம்மாள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. மறுநாளிலிருந்து தலைக்கு எண்ணெய் வைப்பதை நிறுத்தினார். “முடி தேங்கா நார் மாதிரி ஆயிருச்சு, பாத்தீங்களா” என்று தொட்டுக் காட்டிச் சிரித்தார். கோடு மட்டும் இறங்கிக்கொண்டே இருந்தது.

கடைசியாக வாசுகி ஒரு சட்டம் போட்டாள். கண்ணையோ அதன் பெட்டியையோ தொடுகிற ஒவ்வொரு தடவையும் புதுக் கையுறை, புதுத் துடைதுணி. உடை மாற்றும் அறையின் அலமாரியில் இருந்த கையுறைப் பெட்டிகள் வேகமாகக் காலியாயின. இதற்குமேல் சுத்தமாக இருக்க முடியாது என்கிற அளவுக்குச் சுத்தம். அந்தச் சட்டத்துக்குப் பிறகுதான் கண் இன்னும் வேகமாக மங்கியது. சொல்லுங்கள், மனுஷிக்குப் பைத்தியம் பிடிக்குமா பிடிக்காதா?

மதியத்துக்கு மேல் ஹேமநாதன் கூப்பிட்டனுப்பினார். கம்பெனியின் தர மேலாளர். அவருடைய பாட்டனார் வெள்ளைக்காரன் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே கிளார்க்காக வந்தவர், அந்தக் கிளார்க்கு ஒழுங்கு பேரன் மேசைமேல் இன்னும் இருந்தது. கோபமே வராத மனிதர். அதுவே வாசுகிக்கு எரிச்சல்.

“ஒக்காருங்க வாசுகி. அவங்க பொறுமை முடிஞ்சிருச்சு. அடுத்த வாரக் கால்ல காரணம் நம்ம கையில இல்லன்னா பூச்ச மாத்திருவாங்க. வேற எடத்துல ஒருத்தங்க ரெடியா வெச்சிருக்காங்களாம்.”

“பூச்சுல ஒரு குறையும் இல்ல பாஸ்.”

“எனக்குத் தெரியும்லா. அவங்களுக்குக் காட்டணும்ல.”

“காட்டறேன்.”

“எப்பிடி?”

வாசுகி எழுந்து வந்துவிட்டாள்.

நேரே உடை மாற்றும் அறைக்குத்தான் போனாள். ஷிப்ட் மாறுகிற நேரம், உள்ளே ஒருவரும் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்தாள். முகமூடியைக் காதிலிருந்து கழற்றிப் பக்கத்தில் வைத்தாள். அழக் கூடாது என்றுதான் நினைத்தாள், ஆனால் உடம்பு அவள் பேச்சைக் கேட்கிற நிலையில் இல்லை. தேம்பித் தேம்பி வந்தது. கைக்குட்டை இல்லை. அலமாரிக் கதவைத் திறந்து, எவ்வளவு விலையானால் என்ன என்று கிளீன் ரூம் துடைதுணி ஒன்றை உருவி, முகத்தை அழுத்தித் துடைத்து, மூக்கைச் சிந்தப் போனாள்.

துணியில் கோயில் வாசம் அடித்தது.

மறுபடி முகர்ந்தாள். கையுறை ஒன்றை உருவி முகர்ந்தாள். அதிலும் கோயில். இந்த அறைக்குள் கால் வைக்கும்போதே முகமூடி போட்டுவிடுவது வழக்கம், அதனால் இந்த அலமாரியை யாரும் வெறும் மூக்கோடு திறந்ததில்லை. அவள் பெட்டிகளை ஒவ்வொன்றாக இழுத்துத் தரையில் வைத்தாள். எல்லாவற்றுக்கும் பின்னால், அலமாரியின் முதுகில் சாய்ந்தபடி, கையகல மாரியம்மன் படம் ஒன்று நின்றது. முன்னால் ஒரு சின்ன எவர்சில்வர் தட்டு. தட்டில், பாதி கரைந்து உருண்டுபோன சூடக் கட்டிகள்.

கதவு திறந்தது. செல்லம் அக்கா வேலை முடிந்து தலையுறையைக் கழற்றிக்கொண்டே வந்தார்.

“இது யார் வெச்சது?” என்றாள் வாசுகி.

“நான்தாம்மா.” அவர் முகத்தில் ஒரு பயமும் இல்லை, சந்தோஷம்தான் இருந்தது. “ஏன், கொட்டிருச்சா?”

“அறிவிருக்கா உங்களுக்கு?”

கையை ஓங்கி முகத்தில் அறைந்திருந்தால்கூட அந்த அம்மாள் அப்படித் திகைத்திருக்க மாட்டார். வாசுகி நிறுத்தவில்லை. மாசக்கணக்கா நாய் மாதிரி அலையறேன், பவுடரு, பூவு, எண்ணெயின்னு ஊர் சிரிக்க மோந்து பாக்கறேன், இங்க நீங்க தட்டுல வெச்சுப் படையல் போட்டுக்கிட்டிருக்கீங்களா என்று வாய்க்கு வந்ததையெல்லாம் கொட்டினாள். நாலு நாள் பட்டினி கிடந்தவள் சோற்றைக் கண்டதுபோல, கிடைத்த ஆளின் மேல் பாய்ந்தாள். செல்லம் அக்கா கடைசிவரைக்கும் கேட்டார்.

“நான் கொளுத்தலையேம்மா” என்றார் பிறகு. “ஒரு நாளும் கொளுத்துனதில்ல. நீங்கதான சொன்னீங்க, நெருப்பு மட்டும் கூடாது, சும்மா வெச்சுக்கலாம்னு?”

“நானா?”

“ஆயுத பூச அன்னிக்கு. போன் பேசிக்கிட்டு நின்னீங்க. மிசினுக்குப் பொட்டு வெக்கலாமான்னு கேட்டேன், கூடாதுன்னீங்க. சூடம் காட்டலாமான்னு கேட்டேன், நெருப்பு மணி அடிச்சிரும், கூடாதுன்னீங்க. அப்ப அலமாரியில படம் மட்டும் வெச்சு, கொளுத்தாம சூடம் வெச்சுக்கறேன்னேன். வைங்கக்கான்னு கை காட்டுனீங்க.”

வாசுகிக்கு ஞாபகம் வந்தது. காதில் போன், மறுமுனையில் தொலைநோக்கிக் குழு, எதிரில் தட்டும் கையுமாகச் செல்லம் அக்கா. தொல்லை விட்டால் போதும் என்று அவள் கையை ஆட்டியிருந்தாள். கிளீன் ரூமுக்குள் எது போகலாம், எது கூடாது என்று முடிவு செய்கிற கையெழுத்து அவளுடையது. சூடம் நெருப்பில்லாமலே ஆவியாகும் என்பது அவள் பள்ளிக்கூடத்தில் பாடமாகவே படித்த விஷயம். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறாள்.

“அது கொளுத்தாமலே கரைஞ்சு போவுதும்மா” என்றார் செல்லம் அக்கா மெதுவாக. “வெள்ளிக்கெழம வெச்சா அடுத்த வெள்ளிக்குத் தட்டு காலி. சாம்பல் கெடயாது, கறை கெடயாது. ஆத்தா எடுத்துக்கறான்னுதான் நெனச்சேன். உங்க கோடு இறங்க இறங்க நான் ரெண்டு கட்டி கூடப் போட்டு வேண்டிக்கிட்டேன்.”

“அது தானா ஆவியாப் போயிரும்க்கா. சூடத்தோட கொணமே அதான்.”

“அப்ப எங்க போச்சு?”

சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவர் கண்ணைப் பார்த்துக் கேட்டார். “அலமாரியிலயே நின்னு கையுறையில ஏறிருச்சு” என்றாள் வாசுகி. “துணியில ஏறிருச்சு. அதப் போட்டுத் தொட்டுத் தொட்டு, தொடச்சுத் தொடச்சு, பெட்டிக்குள்ள போயிருச்சு. கடைசில கண்ணு மேல.”

செல்லம் அக்கா பெஞ்சில் உட்கார்ந்தார். தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “என் கையாலயேவா” என்றார். கண்ணீர் அந்தக் கைகள்மேலேயே விழுந்தது. வாசுகி பக்கத்தில் உட்கார்ந்தாள். உண்மையைச் சொன்னால் அந்த நேரத்தில் அவளுக்கு உள்ளூரப் பொங்கி வந்தது மகிழ்ச்சிதான். பூச்சில் குறையில்லை! இத்தனை வருஷ உழைப்பில் ஒரு குறையும் இல்லை! அழுகிற மனுஷியின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இப்படிச் சந்தோஷப்படுகிறோமே என்று அவளுக்கே வெட்கமாகப் போயிற்று. செல்லம் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். காய்ந்த தலைமுடி தோளில் உரசியது.

மறுநாள் அந்தக் கையுறை ஒன்றையும், உறை பிரிக்காத கட்டிலிருந்து ஒன்றையும் தனித்தனியாக வெற்றிடத்தில் வைத்துச் சோதித்தாள். பழைய கையுறை கோட்டைப் படுக்கப் போட்டது. புதியது அசைக்கக்கூட இல்லை. ஹேமநாதனிடம் காட்டி, அலமாரியில் செல்லம் அக்கா வைத்திருந்த சூடத்தையும் சொன்னாள். அவர் பார்த்துவிட்டு, வாழ்நாளில் முதல் தடவையாக மேசையைத் தட்டினார்.

“சபாஷ் வாசுகி. உங்க பூச்சு தப்பிச்சுது. இப்ப ஒண்ணுதான் பாக்கி. யாரால இது நடந்துச்சுன்னு அவங்க கேப்பாங்க.”

வாசுகி கையுறைகளை எடுத்துப் பைக்குள் போட்டாள்.

“அந்தச் செல்லம் ஏஜென்சி ஆளுதானே? திருப்பி அனுப்பிட்டோம், இனிமே நடக்காதுன்னு சொல்லிறலாம். விஷயம் முடிஞ்சுது. நீங்க டிக்கெட்ட பாருங்க.”

“நான் நாளைக்குச் சொல்றேன் பாஸ்.”

“இதுல சொல்றதுக்கு என்னா இருக்கு?”

அன்று மாலை வீடு திரும்பும்போது நல்ல மழை. காஸ்வே பக்கம் போகிற சாலையில் வண்டிகள் நகரவில்லை. அவள் கணவன் திருச்செல்வம் அந்த நெரிசலின் மறுமுனையில், சிங்கப்பூரிலிருந்து திரும்புகிற மோட்டார்சைக்கிள் கூட்டத்தில் எங்கோ நனைந்துகொண்டிருப்பான். வைப்பர் ஆடுவதைப் பார்த்தபடி அவள் யோசித்தாள். ஒன்றுமே சொல்ல வேண்டாம், வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். செல்லம் அக்கா காட்டிக்கொடுக்க மாட்டார். அவரை வேறு ஏதாவது தொழிற்சாலைக்கு அனுப்புவார்கள், அல்லது அனுப்ப மாட்டார்கள். ஐம்பதுக்கு மேல் யார் எடுப்பார்கள்? பின் சீட்டில், கடைப் பையிலிருந்து இன்னும் எடுக்காத அந்தக் குளிர் ஜாக்கெட் கிடந்தது. கண்ணைத் தன் கையால் பூட்டுகிற அந்த ஒரு நாளை அவள் எத்தனை தடவை மனத்துக்குள் வாழ்ந்து பார்த்திருக்கிறாள்! அதை விட்டுக்கொடுக்க அவளுக்குக் கொஞ்சமும் இஷ்டமில்லை. சாலையில் வண்டி நகர்ந்தது. அவள் ஹார்ன் அடித்தவனைத் திட்டிவிட்டு நகர்த்தினாள்.

வீட்டில் திருச்செல்வம் ஈரத்துணியோடு கேட்டான்: “கண்டுபிடிச்சிட்டல்ல? அப்புறம் ஏன் மூஞ்சிய இப்பிடி வெச்சிருக்க?”

“நான்தான் அனுமதி குடுத்தேன்.”

“யாருக்குத் தெரியும்?”

“செல்லம் அக்காவுக்குத் தெரியும்.”

அவன் தலையைத் துவட்டினான். “அப்ப நீ தூங்க மாட்ட” என்றான். கல்யாணம் ஆனதிலிருந்து அவன் சொன்ன உருப்படியான வார்த்தைகளில் அதுவும் ஒன்று.

வீடியோ காலில் வாசுகி எல்லாவற்றையும் சொன்னாள். சூடம் என்றால் என்ன, ஏன் வைக்கிறோம், எப்படிக் காணாமல் போகும், எல்லாவற்றையும். கடைசியில், வைக்கலாம் என்று சொன்னது நான், கேட்டுக்கொண்டு செய்தவர்மேல் தப்பில்லை என்றாள். ஹேமநாதன் மேசைக்கடியில் அவள் காலை மிதித்தார். சொல்லி முடித்துவிட்டாள். வீரம் என்றெல்லாம் ஒன்றும் இல்லை. யார்மேல் பழி போடலாம் என்று தேடித் தேடி அவளுக்குச் சலித்துவிட்டது, அவ்வளவுதான்.

அந்தப் பக்கம் தலைமை தாங்கிய வெள்ளைக்கார அம்மாள் நன்றி சொன்னார். பூச்சைப் பற்றி இனிக் கேள்வியே இல்லை, அதுதான் தொலைநோக்கியோடு மேலே பறக்கும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். சுத்தக் கட்டுப்பாட்டில் தவறிய கையெழுத்து இனி இந்தக் கண்ணுக்குச் செல்லாது, அவர்கள் விதி அப்படி. வாசுகி கிளீன் ரூமுக்குள் போகக் கூடாது. கண்ணைத் தொலைநோக்கியில் பூட்டுவதையும் அவர்கள் ஆளே செய்வார். மன்னிக்க வேண்டும் என்றும் சொன்னார். அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

“ஏன்லா வாயத் தொறந்தீங்க?” என்றார் ஹேமநாதன், இணைப்பைத் துண்டித்துவிட்டு. அவருக்குக் கோபம் வந்ததை அன்றுதான் வாசுகி பார்த்தாள். அவளுக்கு அவர்மேல் பிரியம் வந்தது.

கையுறைகள், துணிகள், ஒயர்கள், ரப்பர் வளையங்கள் எல்லாம் குப்பைக்குப் போயின. வெற்றிடப் பெட்டியைச் சூடேற்றி உள்ளே இருந்ததையெல்லாம் உறிஞ்சி எடுத்தார்கள். இத்தனை நாள் சீக்காளிபோல் கிடந்த அந்தக் கண் முழுசாகத் தேறவில்லை. படிந்த சூடத்தின் மேலேயே புற ஊதா விளக்கைக் காட்டிக் காட்டி, சட்டியில் அடிப்பிடித்த எண்ணெய்போல் அது இறுகிவிட்டிருந்தது. ஆனால் அதே பூச்சோடு, பிரிக்காத பெட்டிக்குள் மாற்றுக் கண் ஒன்று இருந்தது. அதைச் சோதிக்கிற நாளில் வாசுகி வெளியே நடைபாதையில், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றாள். உள்ளே செல்லம் அக்கா கண்ணைத் தூக்கி வைத்தார். நாள் போயிற்று, வாரம் போயிற்று, கோடு இறங்கவேயில்லை. செல்லம் அக்கா கண்ணாடிக்கு அருகே வந்து, முகமூடிக்கு மேல் தெரிந்த கண்கள் ஈரமாக, கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். வாசுகியும் காட்டினாள்.

அனுப்புகிற நாள் காலையில் செல்லம் அக்காவிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. வரும்போது ஒரு டப்பா சூடம் வாங்கிட்டு வாங்க. வாசுகி மளிகைக் கடையில் நிறுத்தி வாங்கினாள், தீப்பெட்டியும் வாங்கினாள்.

கண்ணை ஏற்றிய வேன் கேட்டைத் தாண்டிச் சாலையில் திரும்பி, லாரிகளுக்கு நடுவே போய் மறைந்தது. வழியனுப்ப வந்தவர்கள் வேலைக்குத் திரும்பினார்கள். டத்தோ சாமி மாடத்தின் ஓரத்தில் இரண்டு பேர் மட்டும் நின்றார்கள். செக்யூரிட்டி ஆள் பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டான். வாசுகி டப்பாவைப் பையிலிருந்து எடுத்து நீட்டினாள்.

“இந்தாங்கக்கா. இனிமே தாராளமாக் கொளுத்தலாம். அது போயிருச்சு.”

செல்லம் அக்கா சட்டென்று பின்னால் நகர்ந்தார். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“நான் தொட மாட்டேம்மா. அடுத்த செட்டுக் கண்ணு வருதுல்ல, நாளைக்கு நான் உள்ள போவணும்.” கொஞ்சம் தயங்கினார். “நீங்க கொளுத்துங்க. நீங்கதான் இனிமே போவ மாட்டீங்களே.”

குத்திக்காட்டிச் சொன்னதல்ல. உள்ளதைத்தான் சொன்னார். ஆமாம், போக மாட்டேன் என்று வாசுகி ஒரு தடவை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு சாலையோரத்து சிமென்ட்டில் குத்த வைத்து உட்கார்ந்து, கட்டிகளைக் குவித்து, காற்றுக்குக் கையை மறைத்துத் தீக்குச்சியைக் கிழித்தாள்.

சூடம் குப்பென்று பிடித்துக்கொண்டது. செல்லம் அக்கா புகை வராத பக்கமாகத் தள்ளிப் போய் நின்று, கைகூப்பி, உதடு அசைய வேண்டிக்கொண்டார். கிட்ட வரவில்லை. வாசுகி இரண்டு உள்ளங்கைகளையும் சுடரின் மேல் காட்டி, கண்களில் ஒற்றிக்கொண்டாள். கை முழுக்க அந்த வாசம் ஏறியது.

அது எரிந்து முடிகிறவரை இருவரும் நின்றார்கள். தரையில் ஒரு கறுப்பு வட்டம் மட்டும் மிஞ்சியது. செல்லம் அக்கா ஒன்றையும் தொடவில்லை, இருந்தும் நேரே கை கழுவப் போனார். வாசுகிக்குக் கழுவ வேண்டிய அவசியம் இல்லை.